ஒரு மில்லிமீட்டர் தமனியை நுனியோடு நுனி தைப்பது: கோழித் தொடையில் தொடங்கி, படிப்படியாக

மைக்ராஸ்கோப்பின் கீழ் தைக்கப் புதிதாக வருபவர்கள் முதலில் கவலைப்படுவது கை நடுக்கத்தைப் பற்றித்தான். நடுக்கம் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். அடைத்துப்போன ரத்தக்குழாய்களை நீளவாக்கில் பிளந்து பார்க்கும்போது உள்ளே தெரிவது வேறு: எதிர்ச்சுவரையும் சேர்த்துத் தைத்த ஒரு தையல், உள்ளே தொங்கும் ஒரு அட்வென்டிஷியா (குழாயின் வெளி உறை) இழை, ஃபோர்செப்ஸ் (இடுக்கி) கிள்ளிய தடம். மூன்றுமே வரிசை தவறியதால் வருபவை. அதனால் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது பயிற்சி மேசைக்கான வழிகாட்டி. அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. நோயாளியிடம் போவது உங்கள் ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

ஜுவல்லர் ஃபோர்செப்ஸ் இரண்டு (3-ம் எண், 5-ம் எண்), பூட்டு இல்லாத வளைந்த மைக்ரோ நீடில் ஹோல்டர், நேர் கத்தரி ஒன்று, வளைந்த கத்தரி ஒன்று, குழாயின் வாயை விரிக்க வழவழப்பான நுனியுள்ள டைலேட்டர், குழாயை இரண்டு இடத்தில் கவ்வி மூட, கம்பியில் நகரும் இரட்டைக் கிளாம்ப். பூட்டு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பூட்டைத் திறக்கும் அந்த 'டக்' வெறும் கண்ணுக்குத் தெரியாது. 16 மடங்குப் பெரிதாக்கத்தில் பார்த்தால் ஊசி சுவரைக் கிழித்துக்கொண்டு எகிறும்.

ஃபோர்செப்ஸ் நுனியைத் தினமும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். மூடும்போது நுனிதான் முதலில் தொட வேண்டும். ஒருமுறை கீழே விழுந்த ஃபோர்செப்ஸில் நூல் வழுக்கும். அதைத் தன் கைக்குறை என்று நினைத்து ஒரு வாரம் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவி காந்தமேறியிருந்தாலும் இதே கதைதான்: ஊசி ஒட்டிக்கொண்டு விடாது. காந்தம் நீக்கும் சின்னக் கருவி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

நூல்: 2 மி.மீ. குழாய்க்கு 9-0, 1 மி.மீ. குழாய்க்கு 10-0 நைலான் (முன்னால் உள்ள எண் கூடக் கூட நூல் மெலியும்). 10-0 நூலின் தடிமன் 0.02 முதல் 0.029 மி.மீ. வரைதான், தலைமுடியில் பாதிகூட வராது. விலை அதிகம் என்பதால், ஆபரேஷன் தியேட்டரில் காலாவதியான நூல் இருந்தால் பயிற்சிக்குக் கேட்டு வாங்குங்கள்.

கழுவுவதற்கு சலைன், 5 மில்லி சிரிஞ்ச், ஊசி எடுத்துவிட்ட மஞ்சள் நிற 24 எண் கேனுலா (மெல்லிய பிளாஸ்டிக் குழல்). உயிருள்ள குழாயில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைன் தேவைப்படும்: 5000 யூனிட் ஹெப்பாரினை 50 மில்லி சலைனில் கலந்தால் மில்லிக்கு 100 யூனிட். ஹெப்பாரின் வயல் மில்லிக்கு 1000 யூனிட், 5000 யூனிட் என இரண்டு வலுவில் வருகிறது. லேபிளைப் படிக்காமல் கலக்காதீர்கள்.

கோழிக் கடையில் 'லெக் பீஸ் முழுசா, கீறல் போடாம' என்று சொல்லியே வாங்க வேண்டும். சொல்லாவிட்டால் பழக்கத்தில் மசாலா இறங்கக் கீறிக் கொடுத்துவிடுவார்கள், தமனி போச்சு. அன்று வெட்டியதாக இருக்கட்டும். ஃப்ரீசரில் உறைந்து இளகியதில் சுவர் நைந்துபோயிருக்கும். ஊசி போகும் இடமெல்லாம் கிழிந்தால் உங்கள் தவறா கோழியின் தவறா என்றே தெரியாது.

2. உட்காரும் விதமும் மைக்ராஸ்கோப்பும்

முதலில் நாற்காலி, அப்புறம் மேசை, கடைசியில் மைக்ராஸ்கோப். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மைக்ராஸ்கோப் இருக்கும் உயரத்துக்குக் கழுத்தை நீட்டி, இருபது நிமிடத்தில் தோள் இறுகி, 'கை நடுங்குகிறது' என்கிறார்கள்.

பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முன்னங்கை முழுவதும் மேசைமேல். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரம் மடித்த துணிமேல் அமர வேண்டும். கருவியைப் பேனா போலப் பிடித்து, விரல்களை மட்டும் அசைக்க வேண்டும். மணிக்கட்டு காற்றில் தொங்கினால் நடுக்கம் நேராக நுனிக்குப் போகும்.

கண்களுக்கு இடையிலான தூரத்தைச் சரிசெய்து இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும் வரை காத்திருங்கள். ஃபோகஸை மிக அதிகப் பெரிதாக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்குங்கள்; அப்போதுதான் எந்த அளவுக்கு மாற்றினாலும் தெளிவு குலையாது. குழாயைப் பிரிக்க 6 முதல் 10 மடங்கு, தைக்க 16 முதல் 25. முடிச்சுப் போடும்போது ஒரு படி குறைத்துக்கொண்டால் நூலின் வால் கண்ணுக்குள்ளேயே இருக்கும்.

3. கையுறை ரப்பரில் சில நாள்

சலிப்பாக இருக்கும், தாண்டிப் போகாதீர்கள். கையுறைத் துண்டை விறைப்பாக ஒட்டி, 1 செ.மீ. பிளவு போட்டு, அதைத் தைத்து மூடுங்கள். ஊசி எடுப்பது, சமமான பைட் (ஊசி ஒருமுறை குத்திப் பிடிக்கும் அளவு), முடிச்சு என்ற மூன்றும் யோசிக்காமல் வரும் வரை ரப்பர் போதும். பிளவின் திசையை மாற்றி மாற்றிப் போடுங்கள். நேர்க்கோட்டில் மட்டும் பழகிய கை, குழாயின் ஓரத்தில் தடுமாறும்.

4. குழாயைத் தயார் செய்தல்

மொத்த வேலையில் பாதி இதுதான். அவசரப்படுகிறவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

தொடையின் தசைகளைப் பிளந்து பிரித்தால் தடித்த வெள்ளை நரம்பு தெரியும். அதை ஒட்டியே தமனியும் சிரையும் ஓடும். இடுப்பு முனையில் குழாய் தடிமனாகவும் முழங்காலை நோக்கி மெலிந்தும் இருக்கும். முதல் சில முறை தடித்த பகுதியில் செய்துவிட்டுக் கீழே வாருங்கள். குழாயைத் தொடும்போது அட்வென்டிஷியாவை மட்டும் பிடியுங்கள். முழுச்சுவரையும் கிள்ளினால் உள்ளே இன்டிமா என்ற உட்படலம் நொறுங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உயிருள்ள குழாயில், ரத்தம் உறையக் காரணமான பிளேட்லெட்டுகள் அந்த இடத்தில்தான் போய் ஒட்டும்.

2 செ.மீ. நீளம் விடுவித்ததும் அடியில் பச்சை அல்லது மஞ்சள் ரப்பர் துண்டை நுழையுங்கள். நூல் கருப்பு, தசை சிவப்பு. பின்னணி இல்லாமல் தைப்பது கருப்புத் துணியில் கருப்பு நூலைத் தேடுகிற வேலை.

இரட்டைக் கிளாம்பைப் போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். கிளாம்பின் அளவு குழாய்க்குப் பொருந்த வேண்டும். பெரிய கிளாம்பின் அழுத்தம் சின்னக் குழாயின் உட்சுவரை நசுக்கிவிடும். வெட்டு ஒரே அடியில், செங்குத்தாக. இரண்டு மூன்று வெட்டில் செய்தால் விளிம்பு படிக்கட்டுபோல் ஆகும், தையலுக்கு இடையே அங்கேதான் கசியும்.

அடுத்தது அட்வென்டிஷியா. வெட்டுமுனையைத் தாண்டி அதைச் சட்டைக் கையைப் போல் இழுத்து, முனைக்கு நேராக வெட்டிவிட்டு விடுங்கள். மீதி தானாகப் பின்வாங்கி, 1 முதல் 2 மி.மீ. சுத்தமான சுவர் தெரியும். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஊசி போகும்போது ஒரே ஒரு இழை உள்ளே இழுபட்டாலும் ரத்தம் உறைய அது போதும். அதற்காக வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போகவும் கூடாது. சுவர் கண்ணாடிபோல் தெரிய ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டீர்கள்.

பிறகு உள்ளே கழுவுங்கள். டைலேட்டரை மூடியபடி உள்ளே விட்டு, மெதுவாகத் திறந்து, வாய் ஒன்றரை மடங்கு விரியும் அளவில் நிறுத்துங்கள். கடைசியாகக் கம்பியில் கிளாம்புகளை நகர்த்தி இரண்டு முனைகளையும் கிட்டக் கொண்டுவாருங்கள். முனைகள் இழுப்பில்லாமல் கிட்டத்தட்டத் தொட வேண்டும். இழுத்துக் கட்ட வேண்டிய நிலை என்றால் தைக்காதீர்கள். நோயாளியிடம் அந்த இடைவெளிக்குச் சிரைத் துண்டை ஒட்டாக வைப்பார்கள். வால்வு இருப்பதால் அதைத் திசை திருப்பி வைப்பது தனிப் பாடம். விரலை மீண்டும் பொருத்தும்போது எலும்பைக் கொஞ்சம் குறைப்பதற்கும் ஒரு காரணம் இந்த இழுப்புதான்.

5. ஊசியைப் பிடிப்பது

ஊசியை விரலால் தேடாதீர்கள். இடக்கை ஃபோர்செப்ஸால் நூலை ஊசியிலிருந்து 2 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஊசி பரப்பைத் தொட்டதும் அது சுழலும். சரியான பக்கம் திரும்பும் நேரத்தில் வலக்கையால் பிடிக்க வேண்டும். பிடிக்கும் இடம் நடுவிலிருந்து சற்று நூல் பக்கம். நுனிக்கு அருகில் பிடித்தால் ஊசி மழுங்கும், வாலில் பிடித்தால் வளைந்து சுழலும்.

தைக்காத நேரத்தில் ஊசி எப்போதும் கண்ணில் படும் இடத்தில், ரப்பர் துண்டின் மேல் இருக்கட்டும். தொலைந்த ஊசியைத் தேடும் நேரம் தைக்கும் நேரத்தைவிட அதிகம் என்பதை ஒருநாள் நீங்களே உணர்வீர்கள்.

6. எங்கே எங்கே தையல்: கடிகாரக் கணக்கு

வெட்டுமுகத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மேலே, உங்களைப் பார்த்தபடி. முதல் தையல் 10 மணியில், இரண்டாவது 2 மணியில். இடையே 120 பாகை. இந்த இரண்டும் ஸ்டே தையல்கள், அதாவது வாயை இழுத்துப் பிடித்து வைப்பவை. ஒரு வாலை நீளமாக விட்டுக் கிளாம்பின் சட்டத்தில் மாட்டுங்கள்.

9-லும் 3-லும் போட்டு சரிபாதியாகப் பிரிப்பதுதான் இயல்பாகத் தோன்றும். அப்படிச் செய்து இழுத்தால் முன்சுவரும் பின்சுவரும் சேர்ந்தே விறைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஊசி இரண்டையும் சேர்த்துக் குத்தும். 120 பாகையில் இழுத்தால் முன்சுவர் விறைக்கும், நீளம் அதிகமான பின்சுவர் தளர்ந்து கீழே தொங்கும். புதியவருக்கு இந்த இடைவெளிதான் உயிர்.

மூன்றாவது 12 மணியில். கிளாம்பைத் திருப்பிப் போட்ட பிறகு 6, 8, 4. ஆறு தையல், ஒவ்வொன்றுக்கும் 60 பாகை. 1 மி.மீ. குழாயின் சுற்றளவு 3.14 மி.மீ.; ஆக இடைவெளி அரை மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். எங்காவது கசிந்தால் ஒன்றோ இரண்டோ கூட்டலாம், எட்டுக்கு மேல் அரிதாகத்தான் வேண்டியிருக்கும். பயத்தில் பன்னிரண்டு தையல் போடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு தையலும் உட்சுவரில் ஒரு காயம், உள்ளே ஒரு துண்டு நைலான். கசியாத குழாய் அடைபடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

7. ஒரு பைட்

வலக்கைக்காரர் வலது முனையில் வெளியிலிருந்து உள்ளே, இடது முனையில் உள்ளிருந்து வெளியே தைக்க வேண்டும். மூடிய ஃபோர்செப்ஸ் நுனியை வாய்க்குள் விட்டு, அதன்மேல் சுவரை ஏந்துங்கள். ஊசி மேலிருந்து செங்குத்தாக இறங்கட்டும். சாய்த்துக் குத்தினால் அட்வென்டிஷியா பக்கம் பெரிதாகவும் இன்டிமா பக்கம் சின்னதாகவும் பிடித்து, உள்விளிம்பு சேராமல் நிற்கும்.

விளிம்பிலிருந்து தூரம்: தமனிச் சுவர் எவ்வளவு தடிமனோ அதைப்போல் ஒன்று முதல் இரண்டு மடங்கு. இடது பக்கத்திலும் அதே தூரம். ஊசியை அதன் வளைவின் வழியே உருட்டி எடுங்கள். நேராக இழுத்தால் துளை பெரிதாகும்.

இரண்டு முனையையும் ஒரே வீச்சில் குத்த ஆசை வரும். அனுபவம் வந்த பிறகு செய்யலாம். முதல் ஐம்பது குழாய்களுக்கு இரண்டு தனித்தனிக் குத்தாகச் செய்யுங்கள், இடையில் ஊசி நுனி வாய்க்குள் தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பின்சுவரைப் பிடித்த ஊசியை அந்த நொடியில் பின்னால் இழுத்துவிடலாம். முடிச்சு விழுந்த பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

நூலை இழுக்கும்போது இடக்கை ஃபோர்செப்ஸை சுவருக்குப் பக்கத்தில் கிணற்று உருளைபோல் வைத்து அதன்மேல் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் நூல் சுவரை அறுக்கும்.

8. முடிச்சு

வால் 3 மி.மீ. அளவுக்கு வரும்வரை இழுத்து நிறுத்துங்கள். வால் நீண்டால் பார்வைக்கு வெளியே போகும். அதைத் தேடிக் கண்ணை எடுத்தால் எல்லாம் கலையும். மிகக் குறைந்தால் துளையிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும்.

இடக்கையால் நீள நூலைப் பிடித்து வலக்கைக் கருவியில் இரண்டு சுற்று, வாலைப் பிடித்து இழுப்பு. அடுத்த இரண்டும் ஒற்றைச் சுற்று, எதிரெதிர்த் திசையில். நைலான் வழுக்கும், அதனால் மொத்தம் மூன்றுக்குக் குறையக்கூடாது.

எவ்வளவு இறுக்குவது? விளிம்புகள் தொட்டு, மயிரிழை வெளியே மலர்ந்தால் போதும். இறுக்கிக் கட்டினால் சுவர் சுருங்கிக் கிழியும், உள்ளே மடிந்தும் விடும். முதல் சுற்றில்தான் இந்த அளவு தீர்மானமாகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் பூட்டுவதற்கு மட்டும்.

9. திருப்பிப் போடுவதும் கடைசித் தையலும்

10, 2, 12 முடிந்ததும் கிளாம்பை அப்படியே புரட்டுங்கள். இப்போது பின்சுவர் திறந்து உங்களைப் பார்க்கும். உடனே தைக்காதீர்கள். சலைனைப் பீய்ச்சி, அந்தத் திறப்பின் வழியாக முதல் மூன்று தையலையும் உள்ளிருந்து பாருங்கள். எதிர்ச்சுவர் சிக்கியிருக்கிறதா, இழை தொங்குகிறதா, விளிம்பு மடிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு இது கடைசி வாய்ப்பு. குறை இருந்தால் அந்தத் தையலை வெட்டி எடுத்து மறுபடி போடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

6 மணித் தையலை முடித்த பிறகு 8, 4 இரண்டிலும் நூலைப் போட்டு, முடிச்சுப் போடாமல் வெட்டி நீளமாக விடுங்கள். தளர்ந்த கண்ணிகளுக்கு நடுவே உள்ளே பார்த்து, சலைனால் சுவர்களை மிதக்கவிட்டு, அப்புறம் இரண்டையும் முடியுங்கள். கடைசித் தையலைக் கண்மூடித்தனமாகப் போட்டு முடிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. 'ஒன்றுதானே பாக்கி' என்ற அவசரம் எல்லோருக்கும் வரும்.

10. திறப்பதும் சோதிப்பதும்

கோழியில் மேல்முனையில் கேனுலாவை விட்டு வண்ண நீரைச் செலுத்துங்கள். கசிவும் அடைப்பும் தெரிந்துவிடும்.

உயிருள்ள தமனியில் ஓட்டத்தின் கீழ்ப்பக்கக் கிளாம்பை முதலில் எடுக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் ரத்தம் பின்னோக்கி வந்து குழாயை நிரப்பும்; பெரிய ஓட்டை இருந்தால் அங்கேயே தெரியும். அப்புறம் மேல்பக்கம். மெல்லிய கசிவு ஈரத் துணியை லேசாக வைத்திருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் நிற்கும். பீய்ச்சி அடித்தால் அந்த இடத்தில் ஒரு தையல். குழாய் சுருங்கி வெள்ளை நூல்போல் ஆனால் அதைத் தளர்த்தும் மருந்தான பாப்பவெரின் அல்லது லிக்னோகெய்ன் சில துளி வெளியே விட்டு, வெதுவெதுப்பான சலைன் ஊற்றிக் காத்திருங்கள். பதற்றத்தில் கருவியால் நோண்டினால் இன்னும் சுருங்கும்.

தையலுக்கு மேலே துடிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடைபட்ட தமனியும் முன்னும் பின்னும் நெளிந்து துடிக்கும். சந்தேகம் இருந்தால் தையலுக்குக் கீழே ஒரு ஃபோர்செப்ஸால் மெல்ல மூடி, பக்கத்தில் இன்னொன்றால் ரத்தத்தைக் கீழ்நோக்கி வழித்து ஒரு வெற்றிடம் உண்டாக்குங்கள். தையல் பக்கத்து ஃபோர்செப்ஸை விட்டதும் சட்டென்று நிரம்ப வேண்டும். சோம்பலாக நிரம்பினால் உள்ளே ஏதோ இருக்கிறது. இதுவும் சுவரை நசுக்கும் சோதனைதான், ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம். திறந்தவுடன் ஓடியது என்று மூடிவிடாமல் 20 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிளேட்லெட் கட்டி சேர அந்த நேரம் பிடிக்கும்.

11. கிளாம்பைத் திருப்ப முடியாத இடத்தில்

குழாய் ஆழத்தில் இருந்தாலோ கிளை நெருக்கமாக இருந்தாலோ புரட்ட இடம் இருக்காது. அப்போது வரிசையே மாறும்: முதல் தையல் பின்சுவரின் நடுவில், 6 மணியில். அதை முன்வாய் முழுக்கத் திறந்திருக்கும்போது போடுங்கள். முடிச்சு வெளியே விழ வேண்டும் என்பதால் குத்தும் திசையைத் தொடங்கும் முன்பே மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பின்பு ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக ஏறி, 12-ல் முடிக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் கண்ணுக்குத் தெரிந்தே விழுவதால் சிலர் எல்லா இடத்திலும் இதையே செய்கிறார்கள். எனக்கும் இப்போது இதுதான் பிடிக்கும், ஆனால் தொடக்கத்தில் 120 பாகை முறையே கையைப் பழக்கும்.

12. சிரை, அளவுப் பொருத்தமின்மை, பக்கவாட்டு இணைப்பு

சிரையின் சுவர் மெலிந்து ஈரத்தாள்போல் ஒட்டிக்கொள்ளும். சலைனுக்கு அடியிலேயே தைத்தால் வாய் தானாகத் திறந்து நிற்கும். பைட் சுவர்த் தடிமனில் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். கோழிச் சிரை தமனியைவிடப் பல மடங்கு எரிச்சல் தரும், தமனி இருபது முடித்த பிறகு போங்கள்.

இரண்டு முனையின் அளவும் ஒத்துவராவிட்டால் சின்னதை டைலேட்டரால் விரிப்பது, அது போதாவிட்டால் சாய்வாக வெட்டி வாயை அகலமாக்குவது. வித்தியாசம் இன்னும் பெரிது என்றால் நுனியைப் பக்கவாட்டில் இணைப்பதே மேல். அதில் பெரிய குழாயில் நீள்வட்டத் திறப்பு வெட்டி, அதன் இரண்டு மூலைகளிலும் முதலில் தைக்க வேண்டும். திறப்பைத் தேவைக்குச் சற்றுச் சின்னதாகவே வெட்டுங்கள், பெரிதாக்குவது சுலபம்.

13. பிளந்து பார்ப்பது

தண்ணீர் கசியாமல் ஓடினாலும் கோழிக் குழாயைத் தூக்கிப் போடாதீர்கள். தையலுக்கு இருபுறமும் வெட்டி எடுத்து, நீளவாக்கில் பிளந்து, உட்பக்கம் மேலே இருக்கும்படி விரித்துப் பாருங்கள். ஆறு நூலும் சம இடைவெளியில், விளிம்புக்குக் குறுக்கே நேராக இருக்க வேண்டும். நோட்டில் தேதி, நேரம், எந்த மணித் தையலில் என்ன குறை என்று எழுதுங்கள். ஒரு மாத நோட்டைப் புரட்டினால் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். பலருக்கு அது 4 மணி.